ஒரு நாள் பனிச்சறுக்குக்கு எவ்வளவு தூரம் வண்டி ஓட்டலாம்?

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி நெருங்கும்போது தில்லி வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் அறைச் சூடேற்றியைப் பற்றியும், குழந்தைகளின் இருமலைப் பற்றியும், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் மூடுபனி எப்படி இருக்கும் என்பதைப் பற்றியும்தான் இருக்கும். இந்த மாதம் ஐந்து கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றி வந்திருக்கின்றன. பனியில் சறுக்கி விளையாட ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அதற்காக எவ்வளவு தூரம் போகலாம் என்பதே அவற்றின் கேள்வி. நானும் இந்த ஆசையால் ஒருமுறை சூடு பட்டவன் என்பதால் இம்மாதப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மயூர் விஹார் வாசகர் ஒருவர்: ஐயா, அலுவலகத்தில் எனக்கு விடுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நண்பர்கள் நால்வர் காரில் கிளம்பி, சனிக்கிழமை உத்தராகண்ட் மலையில் உள்ள ஔலியில் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு, அன்று மாலையே இறங்கத் தொடங்கி ஞாயிறு காலையில் வீடு திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். ஒரு வழிக்கு ஐந்நூறு கிலோமீட்டர்தான் என்று கைப்பேசி வரைபடம் காட்டுகிறது. நால்வரும் மாற்றி மாற்றி ஓட்டினால் முடியும்தானே?

வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்நூறும் ஒரே வகையான ஐந்நூறு அல்ல. தில்லியிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான சுமார் 240 கிலோமீட்டர் சமவெளி. நெரிசலைச் சேர்த்தாலும் ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ரிஷிகேஷிலிருந்து ஔலியின் அடிவார ஊரான ஜோஷிமட் வரையிலான 250 கிலோமீட்டர்தான் உங்கள் திட்டத்தை விழுங்கப் போகிறது. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு நதிச் சங்கமமாகத் தொட்டுக்கொண்டு, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக ஏறும் அந்தச் சாலையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக் கணக்கைப் போடக்கூடாது. நல்ல பகலில், மண்சரிவு எதுவும் இல்லாத நாளில், எட்டு மணி நேரத்தில் முடித்தால் கெட்டிக்கார ஓட்டுநர் என்று பெயர். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியவர்கள், அந்த ஏற்றத்தைக் காலை முதல் மாலை வரை நீட்டிக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இப்போது உங்கள் கால அட்டவணையைப் பார்ப்போம். இரவு எட்டுக்குக் கிளம்பினால் ரிஷிகேஷில் ஒன்றரை மணி. மலைச்சாலையில் இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றில் நீங்கள் சிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே ஏறினால் ஜோஷிமட்டை அடையும்போது காலை பத்து மணிக்குக் குறையாது. முன்பு அங்கிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ரோப்வே ஔலிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கி வீடுகளில் விரிசல் விழுந்தபோது அதை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் மீதியையும் சாலை வழியாகத்தான் ஏற வேண்டும். பனி பெய்திருந்தால் கடைசிப் பகுதிக்கு உங்கள் வண்டி உதவாது, நான்கு சக்கரங்களையும் என்ஜின் இழுக்கும் உள்ளூர் 4x4 வண்டிதான். சறுக்குக் கட்டைகளையும் பூட்ஸையும் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு சரிவில் நிற்கும்போது பகல் பன்னிரண்டரை ஆகியிருக்கும். நான்கு மணிக்கெல்லாம் வெயில் சாய்ந்து பனி இறுகத் தொடங்கிவிடும். போக வர இருபத்தாறு, இருபத்தேழு மணி நேரம் ஓட்டி, மூன்றரை மணி நேரம் சறுக்குவீர்கள். எட்டுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தை நண்பர்கள் நால்வரும் உட்கார்ந்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது பெரிய தடையே அல்ல. போக வர ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 67 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 6,365 ரூபாய். நால்வருக்குப் பிரித்தால் தலைக்கு 1,600 ரூபாய் அளவில் முடிந்துவிடும். இந்தத் தொகை மலிவாகத் தெரிவதால்தான் பலர் இந்தப் பயணத்தையே மலிவானது என்று எண்ணிவிடுகிறார்கள்.

நான் அஞ்சுவது திரும்பும் பயணத்தைத்தான். முதன்முறை சறுக்குகிறவரின் நாளில் சறுக்கல் குறைவு, விழுவதும் எழுவதும்தான் அதிகம். கடினமான பிளாஸ்டிக் பூட்ஸ் கணுக்காலை அசைய விடாது. முழங்காலை மடக்கி, கட்டைகளின் முன்முனைகளை ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, ஏர்க்கால் போல் பனியைத் தள்ளி வேகத்தைக் குறைக்கச் சொல்லித் தருவார்கள். அந்த நிலையில் உடலின் எடை முழுவதையும் தாங்குவது தொடைத் தசைகள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஔலியில் ஒரு பகல் முழுதும் இப்படிப் பனியை உழுதுவிட்டு, மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்தேன். பீப்பல்கோட்டியைத் தாண்டுவதற்குள் கிளட்ச்சை மிதிக்கும் இடது கால் தானாகவே ஆடத் தொடங்கிவிட்டது. கையால் தொடையை அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு கியரை மாற்ற வேண்டிய இறக்கத்தில், சறுக்கலில் சோர்ந்துபோன அதே தசைகளைக் கொண்டுதான் பிரேக்கையும் கிளட்ச்சையும் மிதிக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். கூட வந்த மைத்துனருக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் அவருடைய கால்கள் என்னுடையதைவிட மோசமான நிலையில் இருந்தன. மாற்றி மாற்றி ஓட்டுவோம் என்கிறீர்கள். நால்வருமே சறுக்கியிருந்தால் மாற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நான் கிலோமீட்டரை விட்டுவிட்டு வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். மலைச்சாலைப் பகுதி முழுவதும் பகல் வெளிச்சத்துக்குள் முடிய வேண்டும். சறுக்கிய நாளில் சறுக்கியவர் வண்டி ஓட்டக்கூடாது. ஜனவரியில் காலை ஏழேகாலுக்குப் பொழுது விடிந்து, மாலை ஆறுக்கு முன் இருட்டிவிடுகிறது. இந்த அளவுகோலை ஔலிக்கு வைத்துப் பார்த்தால் முதல் நாள் ரிஷிகேஷ், இரண்டாம் நாள் ஜோஷிமட், மூன்றாம் நாள் சறுக்கல், நான்காம் நாள் ரிஷிகேஷ், ஐந்தாம் நாள் தில்லி என்று விரிகிறது. ஒரு நாள் விளையாட்டுக்கு ஐந்து நாள். ஐந்து நாள் கிடைக்குமானால் ஆறாவது நாளையும் கெஞ்சி வாங்கி, இரண்டு நாளாவது சறுக்குங்கள். இரண்டாம் நாள்தான் உடம்புக்கு விஷயம் பிடிபடும். இல்லையென்றால் ஔலியை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை வரை 125 கிலோமீட்டருக்கு, பெரும்பகுதி சுரங்கங்களாகவே, ரயில் பாதை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கும் ஆண்டில் இதே கேள்வியை மறுபடியும் அனுப்புங்கள், பதில் மாறியிருக்கும்.

ஜனக்புரி வாசகி ஒருவர்: என் மகள் அமெரிக்காவில் டென்வர் நகரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பி, மலையில் நாள் முழுதும் சறுக்கிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். இங்கே இருக்கும் என் மகன், 'அவர்களால் முடியும்போது நம்மால் ஏன் முடியாது?' என்று பிடிவாதம் பிடிக்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

அம்மா, ஊர் அமைந்திருக்கும் இடத்தைப் பொறுத்த விஷயம் இது. உங்கள் மகனின் திறமையைப் பற்றியதல்ல என்று சொல்லுங்கள். டென்வர் நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மலையின் காலடியில் இருக்கிறது. அங்கிருந்து வேல் என்ற புகழ்பெற்ற சறுக்குத் தலம் ஏறக்குறைய 155 கிலோமீட்டர். அகலமான நெடுஞ்சாலை ஒன்று சுரங்கம் குடைந்து 3,400 மீட்டர் உயரம் வரை ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. நம் தில்லியோ 216 மீட்டரில் இருக்கிறது. மலையைக் கண்ணால் பார்ப்பதற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கரும்புத் தோட்டங்களையும் செங்கல் சூளைகளையும் கடந்து போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். நாம் டென்வரைவிட மிகத் தெற்கே இருப்பதால், பனி வாரக்கணக்கில் உருகாமல் கிடக்க நமக்கு 2,500 மீட்டருக்கு மேலான உயரம் வேண்டியிருக்கிறது. சிம்லாவுக்கு அருகிலுள்ள குஃப்ரி ஒரு காலத்தில் பனிச்சறுக்குக்கே பெயர் பெற்ற ஊர்; இன்று அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் குதிரைச் சவாரி செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். டென்வர்க்காரர்களும் வாரக் கடைசியில் அந்த நெடுஞ்சாலை நெரிசலில் மணிக்கணக்காகச் சிக்கிக்கொண்டு புலம்புவதுண்டு என்பதை மகளிடம் கேட்டு மகனுக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

துவாரகா வாசகர் ஒருவர்: ஔலி வேண்டாம் என்றால், தில்லியிலிருந்து காரிலேயே போய்ச் சறுக்கித் திரும்பக்கூடிய இடம் ஒன்றுமே இல்லையா? மூன்று நாள் தொடர் விடுமுறை எனக்கு இருக்கிறது.

இருக்கிறது. நார்கண்டா. சிம்லாவுக்கு அப்பால் சுமார் 65 கிலோமீட்டரில், 2,700 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் சிற்றூர். தில்லியிலிருந்து மொத்தம் 415 கிலோமீட்டர் அளவில் வரும். மலை பர்வானூவில்தான் தொடங்குகிறது; அங்கிருந்து நார்கண்டா வரை 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஐந்தரை மணி நேரம். காலை ஆறுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மூர்த்தலில் பராட்டாவுக்கு உட்காராமல் போனால் (அங்கே உட்கார்ந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை), பதினொன்றரைக்குப் பர்வானூ, மாலை ஐந்துக்கு நார்கண்டா. பகல் வெளிச்சம் தீரும் நேரத்தில் போய்ச் சேர்கிறீர்கள். நான் மேலே சொன்ன அளவுகோலின்படி, தில்லியிலிருந்து வண்டி ஓட்டக்கூடிய கடைசி எல்லை அதுதான். முதல் நாள் போய், நடு நாள் சறுக்கி, மூன்றாம் நாள் காலையில் நிதானமாக இறங்கலாம்.

ஆனால் அங்கே காஷ்மீரின் குல்மார்கைப் போல மேலே தூக்கிச் செல்லும் கோண்டோலா என்ற கம்பிவட வண்டி கிடையாது. கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி, சறுக்கி இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். முதன்முறை போகிறவருக்கு இது குறையல்ல என்பது என் எண்ணம்; பக்கவாட்டில் படிப்படியாகக் கட்டைகளை ஊன்றி ஏறக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடமே. ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு அரை நாளில் சலித்துவிடும்.

பனி இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தைய நாள் தங்கும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். 'சார், இங்கே எப்போதும் பனிதான்' என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாமல், அன்று காலை எடுத்த காணொளியை அனுப்பச் சொல்லுங்கள். நம் மலைகளில் குளிர்காலப் பனி மேற்கிலிருந்து, மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து, அலையலையாக வரும் காற்றுச் சலனங்களை நம்பி இருக்கிறது. ஓர் அலை பொய்த்தால் மூன்று வாரம் வெறும் புல்தான். 2025 பிப்ரவரியில் குல்மார்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. நார்கண்டா குல்மார்கைவிடத் தெற்கே இருப்பது, சொல்லத் தேவையில்லை.

இதே மூன்று நாளில் மணாலி போக முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். போகலாம், ஆனால் நீங்கள் ஓட்ட வேண்டாம். தில்லியிலிருந்து மணாலி 530 கிலோமீட்டருக்கு மேல். கீரத்பூர் பக்கம் புதிய சுரங்கங்களும் நான்கு வழிப் பாதையும் வந்து நேரம் குறைந்திருந்தாலும், ஒரே பகலில் முடிப்பது எல்லாருக்கும் முடிகிற காரியமல்ல. காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்தும் மஜ்னு கா டீலாவிலிருந்தும் மாலையில் புறப்படும் வால்வோ பேருந்துகள் காலையில் மணாலியில் இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து சறுக்குச் சரிவுகள் உள்ள சோலாங் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர்தான். சனிக்கிழமை பகலில் சறுக்கி, இரவு மணாலியில் தூங்கி, மறுநாள் மாலைப் பேருந்தில் ஏறினால் திங்கட்கிழமை காலையில் தில்லி. ஒரு நாள் சறுக்கலுக்குத் தில்லிக்காரருக்கு உள்ள வழிகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் ஆடும் கால்களை நீட்டிக்கொண்டு தூங்கிவிடலாம்.

குடியரசு தின விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விடுமுறையும் புதுப்பனியும் ஒன்றாக வாய்த்தால் தில்லி, சண்டிகர் வண்டிகள் அத்தனையும் அந்த ஒற்றைச் சாலையில்தான் இருக்கும். 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டு காவல்துறையினர் இரவோடு இரவாக மக்களை மீட்க வேண்டியிருந்தது. பனி அதிகமான நாட்களில் நேரு குண்ட் என்ற இடத்திலேயே சொந்த வண்டிகளை நிறுத்திவிட்டு, 4x4 வண்டிகளை மட்டும் மேலே விடுவார்கள். பேருந்தில் வந்தவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

கரோல்பாக் வாசகர் ஒருவர்: குல்மார்குக்கே காரில் போய்விட்டால் என்ன? இந்தியாவிலேயே சிறந்த பனி அங்கேதான் என்கிறார்களே.

பனி சிறந்தது என்பது உண்மை, காரில் போவது தவறு. எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு வழிக்கே இரண்டு நாள். ராம்பன் பகுதியில் கல் உருண்டு சாலை அடைபட்டால் மூன்றாம் நாளும் போய்விடும். விமானத்தில் ஸ்ரீநகர் ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். தங்மார்கிலிருந்து கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டருக்குப் பனிக்காலத்தில் சக்கரச் சங்கிலி பூட்டிய வண்டியில் மாற வேண்டியிருக்கும். வினோதம் என்னவென்றால், தில்லிக்காரருக்கு வரைபடத்தில் மிகத் தொலைவில் உள்ள இந்தத் தலம்தான் நேரக் கணக்கில் மிக அருகில் இருக்கிறது. நடுப்பகல் விமானமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜனவரியில் தில்லியின் காலை விமானங்களை மூடுபனி என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கே தெரியும். ரயிலை விரும்புகிறவர்களுக்கு, 2025 ஜூனில் தொடங்கிய கட்ரா – ஸ்ரீநகர் வந்தே பாரத் இருக்கிறது. கட்ராவில் மாறி ஏற வேண்டும்.

கோண்டோலாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு போய் விடுகிறது. அங்கிருந்து இறங்கும் சரிவுகள் சீர்படுத்தப்படாதவை, பனிச்சரிவு அபாயம் உள்ளவை, தேர்ந்தவர்களுக்கானவை. ஒரு நாள் மட்டும் இருக்கிறவர், குல்மார்க் புல்வெளியிலேயே உள்ள சிறு சரிவில் பயிற்சியாளரோடு இருங்கள். கோண்டோலாவில் ஏறினால் காட்சியைப் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கிவிடுங்கள்.

ஔலிக்குப் போகும் வழியிலும் ஒரு ஸ்ரீநகர் இருக்கிறது, கட்வால் ஸ்ரீநகர். என் நண்பர் ஒருவர் அங்கே விடுதியைப் பதிவு செய்துவிட்டு, காஷ்மீர் விமானச் சீட்டும் எடுத்து வைத்திருந்தார். பதிவு செய்யும்போது மாநிலத்தின் பெயரையும் படியுங்கள்.

வசந்த் குஞ்ச் வாசகி ஒருவர்: பொங்கலுக்குப் பிறகு மதுரையிலிருந்து என் அத்தை, மாமா, அவர்களுடைய இரண்டு பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைகள் சறுக்க வேண்டும் என்கிறார்கள். மாமாவுக்கு எழுபத்தொன்று, 'நான் பார்த்தாலே போதும்' என்கிறார். என் கணவர் நார்கண்டா வரை ஓட்டத் தயார். வண்டிக்கு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? மாமாவை அழைத்துப் போகலாமா?

உங்கள் கணவர் ஓட்டுவதானால், அவர் அன்று சறுக்கவில்லை என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுக்குள் இதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான ஏற்பாடு.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர். தில்லியில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். மலையில் இரவு அது உறைந்தால் என்ஜினுக்கே ஆபத்து, ஆகவே சரியான விகிதத்தில் கூலண்ட் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கண்ணாடி துடைக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் இது பொருந்தும். டீசல் வண்டியானால் தில்லியில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகாமல், சிம்லாவைத் தாண்டுவதற்குள் அங்கேயே நிரப்புங்கள். கடுங்குளிரில் சமவெளி டீசல் மெழுகுபோல் கெட்டியாகிவிடுவதுண்டு. சக்கரச் சங்கிலி வாங்கினால் என்ஜின் எந்தச் சக்கரங்களை ஓட்டுகிறதோ அவற்றில்தான் பூட்ட வேண்டும், பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது முன்சக்கரம். வீட்டு வாசலில் ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பழகிக்கொள்ளாமல் போகாதீர்கள்; விறைத்த விரலோடு முதன்முறை முயன்றவன் சொல்கிறேன். இரவில் நிறுத்தும்போது கைபிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். கைபிரேக் உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் வண்டி நகராது. வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுங்கள். காலையில் கண்ணாடியில் படிந்த பனியைக் கரைக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

சாலையோர மஞ்சள் பலகையில் இந்தியில் 'பாலா' என்று எழுதியிருந்தால் நம் பாலை நினைத்துவிடாதீர்கள். இரவில் பெய்து உறைந்து, தார்ச்சாலையின் நிறத்திலேயே கண்ணாடிபோல் கிடக்கும் உறைபனிக்கு அங்கே அதுதான் பெயர். வெயில் படாத வளைவுகளில் காலை பத்து மணி வரை அது இருக்கும். அங்கே பிரேக்கைத் தொடக்கூடாது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு வண்டியை அதன் போக்கில் உருட்டிச் செல்ல வேண்டும். ஆகையால் மூன்றாம் நாள் திரும்பும்போது விடியற்காலைப் புறப்பாடு வேண்டாம், காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு கிளம்புங்கள். தில்லிக்கு இரவாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் இருட்டும்போது சமவெளியில் இருப்பீர்கள்.

பிள்ளைகள் 'சறுக்க வேண்டும்' என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் கால் மணி நேரத்துக்கு ஒரு ஜோடிக் கட்டைகளை மாட்டிவிட்டு, இரண்டு படம் எடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறவர்கள் எல்லா மலை ஊரிலும் இருக்கிறார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதுவே போதுமானால், நார்கண்டாவைவிட நொய்டாவில் உள்ள உள்ளரங்கச் செயற்கைப் பனிக்கூடம் கிட்டத்தில் இருக்கிறது. அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. மெய்யாகவே கற்க விரும்பினால், பயிற்சியாளரை முன்கூட்டியே பேசி, பூட்ஸின் அளவை எழுதி அனுப்புங்கள். பூட்ஸ் ஓர் எண் பெரிதாக இருந்தால் பிள்ளை நாள் முழுதும் விழுந்துகொண்டே இருக்கும்; நான் வாடகைக்கு எடுத்த கடையில் இருந்த ஒரே அளவைத் தலையில் கட்டிவிட்டார்கள், அதன் பலனைத்தான் மேலே படித்தீர்கள்.

மாமாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள், இதய, நுரையீரல் தொல்லை இல்லை என்று அவருடைய மருத்துவர் சொன்னால். மதுரையிலிருந்து வந்த இரண்டாம் நாளே ஏற்றிவிடாமல், தில்லிக் குளிரில் மூன்று நாள் இருக்கட்டும். நேரமிருந்தால் போகும்போது சிம்லாவில் ஓர் இரவு தங்கினால் 2,200 மீட்டர் உயரம் அவருக்குப் பழகிவிடும். நடப்பதற்கு ரப்பர் அடி போட்ட காலணியும் ஒரு கைத்தடியும் வேண்டும், வேட்டி வேண்டாம். அவர் உட்கார ஒரு மடக்கு நாற்காலியை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்கில் காபியையும் மறக்காதீர்கள். அங்கே சரிவோரக் கடைகளில் மேகியும் இஞ்சி டீயும்தான் கிடைக்கும், மதுரைக்காரர் அதைக் காபிக்கு ஈடாக ஏற்றுக்கொள்ள மாட்டார்.